கெடா தோட்டங்களில் மணிமேகலையோடு

வியாழன், சுங்கை பட்டாணி

கோலாலம்பூரில் ஏறிய இடிஎஸ் ரயில் வெயில் தாழும் நேரத்தில் சுங்கை பட்டாணியில் இறக்கிவிட்டது. தம்பி காரோடு காத்திருந்தான். பேராக் முழுக்கச் சன்னலுக்கு வெளியே செம்பனைதான், நடுவில் எப்போதாவது ஒரு கித்தா (ரப்பர்) காடு. கெடாவுக்குள் வந்ததும் தூரத்தில் ஜெராய் மலை தெரிந்தது. உயரம் 1217 மீட்டர். வங்கக் கடலைத் தாண்டி வந்த பழைய மாலுமிகளுக்குக் கரை காட்டிய மலை. நாகப்பட்டினத்துக்காரியான எனக்கு அதைப் பார்த்ததும் சிலிர்த்தது. எங்கள் ஊரில் இருந்த சூடாமணி விகாரையைக் கட்டியவர் கடாரத்து அரசர். ராஜராஜன் அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே எழுதிக்கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் 1025ல் அதே கடாரத்தின் மேல் படையெடுத்தான். அந்தக் கடாரம்தான் இந்தக் கெடா.

வந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, சின்னம்மாவைப் பார்ப்பது. என் அம்மாவின் சித்தப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். தோட்டங்களுக்குக் கூலியாட்கள் அனுப்புவதை 1938ல் இந்திய அரசு நிறுத்தியது, அதற்குக் கொஞ்சம் முந்தி வந்திருக்கிறார். அவருடைய மகள்தான் சின்னம்மா. பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, இப்போது பீடோங்கில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் மகனோடு, அதாவது தம்பியோடு, இருக்கிறார்.

இரண்டாவது காரணம், ஊரில் எங்கள் வாசகர் வட்டத்தில் நான் பேசப்போகும் பேச்சு. வாழ்க்கைப் பாதை என்ற எண்ணத்தை இலக்கியம், சினிமா, பௌத்தம் மூன்றும் எப்படிப் பார்க்கின்றன என்பது தலைப்பு. பேச எடுத்து வைத்திருந்தவை ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் (1922), பான் நலினின் ‘சம்சாரா’ படம் (2001), கிம் கி-டுக்கின் ‘ஸ்பிரிங், சம்மர், ஃபால், விண்டர்... அண்ட் ஸ்பிரிங்’ என்ற கொரியப் படம் (2003). மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாவற்றிலும் ஒரு ஆண் கிளம்பிப் போகிறான். சித்தார்த்தன் தகப்பன் வீட்டை விட்டுப் போகிறான். கொரியப் படத்து இளந்துறவி மடத்தை விட்டு ஒரு பெண்ணின் பின்னால் போகிறான். ‘சம்சாரா’வின் தாஷி முதலில் மடத்தை விடுகிறான், அப்புறம் பெண்டாட்டி பிள்ளையை விடுகிறான். கதைகள் எல்லாவற்றுக்கும் மூலமான கௌதமரே 29 வயதில் வீட்டை விட்டுப் போனவர்.

அப்படியானால் போக முடியாதவர்களுக்குப் பாதை கிடையாதா? ஐந்து வயதில் லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசலில் விளையாடி, பதினைந்தில் அதே தோட்டத்தில் பேர் பதிந்து, ஐம்பது வரை அதே காட்டில் நடந்த ஒருத்திக்கு இந்த எண்ணத்தில் என்ன இடம்? இதை நான் கேட்க வேண்டிய ஆள் எனக்குச் சொந்தக்காரராகவே இருக்கிறார். பையில் மணிமேகலையும் இருக்கிறது.

வெள்ளி, பால்மரக் காடு

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். தம்பிக்கு வேலை இல்லை. விடிவதற்கு முன்பே சின்னம்மா எழுப்பிவிட்டார். “பசியாறிட்டுப் போங்கம்மா, காட்டுல ஒண்ணும் கெடைக்காது” என்று ரொட்டியும் கோப்பி ஓவும் வைத்தார். அவரும் எங்களோடு வந்தார்.

அவர் வேலை பார்த்த தோட்டத்தில் இப்போது கித்தா இல்லை. மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. பழைய லயத்தில் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அதனால் தம்பிக்குப் பழக்கமான மலாய்க்காரர் ஒருவரின் சின்னக் காட்டுக்குப் போனோம். அங்கே இன்னும் பால் வெட்டு நடக்கிறது.

வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டோடு போவது. நெற்றியில் விளக்கு. பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக அரைச் சுற்று வெட்டு. முன்பு வெட்டிய கோட்டின் மேல் மெல்லிய சீவல் ஒன்று, அவ்வளவுதான். உடனே வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பிச் சாய்வில் இறங்கி மங்கு என்ற சின்னக் கிண்ணத்தில் சொட்டுகிறது. கத்தி மேலோடு போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது. சின்னம்மா கத்தியை வாங்கி ஒரு மரத்தில் வெட்டிக் காட்டினார். எத்தனை வருடத்துக்கு அப்புறமோ! சீவல் ஒரே நீளமாக, அறுபடாமல் வந்தது.

“ஒரு ஆளுக்கு நானூறு, ஐநூறு மரம் இருக்கும். மொத மரத்துலேருந்து கடேசி மரம் வரைக்கும் வெட்டிக்கிட்டே போவணும். அப்புறம் திரும்பி மொத மரத்துக்கே வந்து பாலெடுக்கணும். அதே நெரதான், ரெண்டு தடவ. பாலெடுத்துக் காண்டா போட்டு ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போனா ஒரு நாளு முடிஞ்சிச்சி.” காண்டா என்பது வாளிகளை இரு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு.

பௌத்தம் படித்த யாருக்கும் இந்த இடத்தில் நடுவழி ஞாபகம் வரும். வீணையின் நரம்பை அளவுக்கு மேல் முறுக்கவும் கூடாது, தளரவும் விடக் கூடாது என்று சோணன் என்ற பிக்குவுக்குப் புத்தர் சொன்னது அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. கத்தியின் ஆழத்தை அதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கத்தி ஆழமாகப் போனால் வேலையை மேற்பார்க்கும் தண்டல் திட்டுவார், கூலியில் கை வைப்பார்கள். சின்னம்மாவின் கைக்கு அந்த நிதானம் வந்தது அந்தப் பயத்திலும் பழக்கத்திலும்தான். அந்த உழைப்பை என் பேச்சுக்கு அழகான உவமையாக்கினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

திரும்பி வரும்போது நேராகவே கேட்டேன். “சின்னம்மா, உங்க வாழ்க்கை எந்த வழியா போவணும்னு நீங்களா நெனச்சது உண்டா?”

“நெரய போட்டது கம்பெனி. எந்த நெர யாருக்குன்னு சொல்றது தண்டல். விடியக்காலம் பெரட்டுல பேரு கூப்புடுவாங்க, போயி நிப்போம். இதுல நாம எங்கம்மா நெனக்கிறது?” குறையாகச் சொல்லவில்லை. விவரம் சொல்வது போலச் சொன்னார்.

பிற்பகல் ஹார்வர்ட் தோட்டத்துப் பக்கம் கார் போனது. பீடோங்கில் இந்தப் பெயர் பெரிய பெயர். 1946, 47ல் ஏ.எம். சாமி தலைமையில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை இங்கேதான் வலுவாக இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள், ஒழுங்கோடு அணிவகுத்தார்கள், கூலி உயர்வு கேட்டு நின்றார்கள். போலீஸ் அடக்குமுறையும் உயிரிழப்பும் வந்தன. அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். கூலி கொடுப்பதும் தோட்டம், சாயங்காலம் அந்தக் கூலியைக் கள்ளுக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வதும் தோட்டம். புத்தர் சொன்ன பாதையின் எட்டு அங்கங்களில் நல்ல பிழைப்பும் ஒன்று. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதை, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது என்று அவர் இல்லறத்தாருக்குப் பிரித்தே சொல்லியிருக்கிறார். தொண்டர் படையில் எத்தனை பேர் புத்தரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அது தேவையும் இல்லை. தண்டல் ஒதுக்கிய நிரையிலிருந்து வெளியேற முடியாதவர்கள், அந்த நிரையின் முடிவில் கள்ளுக்கடை இருக்கக் கூடாது என்று நின்றார்கள். தோட்டத்தை விட்டுப் போகாமலேயே எடுத்த வழி இது. ஹெஸ்ஸேயின் நாவலில் இப்படி ஒரு வழியைப் பற்றிய பேச்சே இல்லை.

சனி, சுங்கை பத்தும் மெர்போக்கும்

இன்று தம்பியின் மகளும் சேர்ந்துகொண்டாள். ஃபாரம் ஃபைவ் படிக்கிறாள். பள்ளியில் தமிழ் இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக எடுத்திருக்கிறாள். பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையை ஒட்டிச் செம்பனைக் காட்டுக்கு நடுவே சுங்கை பத்து அகழாய்வு இடம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009லிருந்து பெரிய அளவில் தோண்டிய இடம் இது. இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், உலைக்குக் காற்று ஊதிய சுடுமண் குழாய்கள், செங்கல்லால் கட்டிய படகுத்துறை. ஆறு இப்போது ஒதுங்கிப் போய்விட்டது. துறை மட்டும் காட்டுக்குள் நிற்கிறது. பட்டினப்பாலை பாடிய ‘காழகத்து ஆக்கம்’ புகார்த் துறையில் வந்து இறங்கியது இந்தப் பக்கத்திலிருந்துதான் என்று பழைய உரைகாரர்கள் பொருள் கொண்டார்கள்.

அங்கிருந்து மெர்போக் அருங்காட்சியகம். அதன் பின்னால், ஓடைக்குப் பக்கத்தில், சண்டி (பழங்கோயில்) புக்கிட் பத்து பஹாட். அலஸ்டர் லாம்ப் 1960 வாக்கில் கல் கல்லாக எடுத்துத் திரும்ப அடுக்கிய கோயில். சிவன் கோயிலாக இருந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. இந்தப் பள்ளத்தாக்கில் சைவமும் பௌத்தமும் அடுத்தடுத்த மேடுகளில் கிடக்கின்றன. சில வருடங்களுக்கு முன் ஜெராயின் வடக்கே புக்கிட் சோராஸில் தோண்டியபோது தியானத்தில் அமர்ந்த புத்தரின் சுதைச் சிற்பம் கிடைத்தது. நல்ல செய்தி. கெட்ட செய்தியும் உண்டு. 2013ல் இதே பள்ளத்தாக்கில் ஒரு சண்டியின் அடித்தளத்தை வீடு கட்டுவதற்காக இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. அதை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

நான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படும் கல் இங்கே இல்லை, கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேப்டன் ஜேம்ஸ் லோ என்பவர் 1834ல் இங்கிருந்து தெற்கே செபராங் பிறையில் கண்டெடுத்தது. நடுவில் குடைகள் அடுக்கிய ஸ்தூபி, ஓரங்களில் எழுத்து. 5ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். எழுதி வைத்தவர் ரக்தம்ருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தர் என்ற பெருமாலுமி. தன் பயணங்கள் எல்லாம் எல்லா வகையிலும் நிறைவேற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடலோடி வேறு என்ன கேட்பார்? ஆனால் அதே கல்லில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அறியாமையால் வினை சேர்கிறது. வினையே பிறப்புக்குக் காரணம். அறிவால் வினை சேராது. வினை இல்லையென்றால் பிறப்பும் இல்லை.

இதை ஓடைக்கரையில் உட்கார்ந்து மருமகளுக்குச் சொன்னேன். மணிமேகலையின் 30ஆம் காதையை எடுத்து, அறவண அடிகள் சொல்லும் பன்னிரண்டு சார்புகளையும் வாசித்தேன். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். கல்லில் மாலுமி எழுதியதும் பேதைமையில்தான் தொடங்குகிறது, அதிலிருந்து வினைக்கும் பிறப்புக்கும் போகிறது. காஞ்சியில் ஒரு பெண் கேட்ட பாடமும் பழைய கெடாவின் கடற்கரையில் ஒரு மாலுமி செதுக்க வைத்த வரியும் ஒரே பாடம். அவள் கல்லின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அத்தை, போற பயணம் நல்லா போவணும்னும் கேக்குறாரு, இனிமே பொறக்கவே வேணாம்னும் சொல்றாரு. ரெண்டும் எப்படி?” என்றாள்.

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு தெப்பங்களை வைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பார்த்தேன்.

முதல் தெப்பம் நமக்கு மனப்பாடமானது. புறநானூறு 192ல் கணியன் பூங்குன்றனார், மலையிலிருந்து கல்லில் மோதி இறங்கும் ஆற்றில் நீரின் வழியே போகும் புணை போல உயிர் முறைவழி போகும் என்கிறார். அங்கே பாதையை ஆறு தீர்மானிக்கிறது. புணைக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. அந்த அறிவிலிருந்து அவர் எடுக்கும் முடிவு அருமையானது. பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவும் மாட்டோம். இன்னொரு தெப்பம் மஜ்ஜிம நிகாயத்தின் 22ஆவது சூத்திரத்தில் வருகிறது. ஒருவன் ஆற்றங்கரையில் நிற்கிறான், இந்தக் கரை ஆபத்தானது. புல், கட்டை, கிளை எல்லாம் பொறுக்கிக் கட்டித் தெப்பம் செய்து, கையாலும் காலாலும் துழாவி அக்கரை சேர்கிறான். சேர்ந்த பின் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாமா என்று புத்தர் கேட்கிறார். தன் போதனையையே அப்படி விட்டுவிடச் சொல்கிறார்.

புலவரின் தெப்பம் ஆற்றோடு போகிறது. புத்தரின் தெப்பம் ஆற்றைக் குறுக்கே வெட்டுகிறது. நான் நெடுநாளாக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எண்ணியிருந்தேன். நேற்று சின்னம்மா பேசியதைக் கேட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை. ஆற்றின் போக்கு யார் கையிலும் இல்லை, அதைக் கப்பலில் வந்த நம் ஆட்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் கரையில் கிடக்கிற புல்லும் கட்டையும் எல்லாருக்கும் கிடைக்கின்றன. புத்தகுப்தரும் காற்றை நம்பிக் கப்பல் விட்டவர்தான். காற்று நன்றாக அடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே, தான் கட்டிக்கொண்டிருக்கும் தெப்பத்தைப் பற்றியும் எழுதி வைத்தார். மருமகளுக்கு இது முழுசாகத் திருப்தி தரவில்லை. யோசிக்கிறேன் என்றாள்.

ஞாயிறு, பீடோங், மழை

தம்பி வேலைக்கும் மருமகள் பள்ளிக்கும் போய்விட்டார்கள். விடியற்காலையிலிருந்து மழை. மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. பட்டை நனைந்திருந்தால் பால் மங்குக்குப் போகாமல் மரத்திலேயே வழிந்து வீணாகும். வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. மழைக்காலத்தில் இப்படித் தொடர்ந்து சில நாட்கள் போனால் லயத்தில் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“யாரு வீட்டு அடுப்புல பொகை வரலன்னு பாப்போம். ஆறு வீட்டு அரிசிய ஒண்ணாப் போட்டுக் கஞ்சி காச்சுவோம். கடைக்காரரு கடன் குடுப்பாரு, அதுவும் ஒரு அளவுக்குத்தான். எங்கம்மா பெரிய பானை வெச்சிருந்தாங்க. அது எங்க வீட்டுப் பானைதான், ஆனா லயத்துல எல்லாரும் எடுப்பாங்க.”

நான் மணிமேகலையில் 13, 14ஆம் காதைகளை எடுத்தேன். சின்னம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆபுத்திரன் கதை. நம்மில் பலர் அமுதசுரபியை அறிவோம், அது மணிமேகலைக்கு முன் யார் கையில் இருந்தது என்பதை விட்டுவிடுகிறோம்.

பிறந்ததும் தாய் விட்டுப் போன குழந்தை. ஒரு பசு ஏழு நாள் பால் கொடுத்துக் காத்தது. வளர்ந்த பிறகு வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதற்காக அடித்து ஊரைவிட்டு விரட்டினார்கள். மதுரைக்கு வந்து, பிச்சை எடுத்த சோற்றைக் குருடர், முடவர், ஆதரவற்றவர் எல்லாரையும் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்று, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குவான். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்தபோது சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைத் தந்தாள். இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டி வளத்தைப் பெருக்கினான். இப்போது யாருக்கும் பசி இல்லை. பாத்திரத்தோடு ஊர் ஊராக அலைகிறான், வாங்க ஆளில்லை. அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் சொல்கிறார்கள், சாவக நாட்டில் மழை இல்லை, உயிர்கள் சாகின்றன என்று. அடுத்த கப்பலில் ஏறிவிடுகிறான்.

சாவகம் என்பது இந்தத் திசைதான். நம் இலக்கியத்தில் பசித்தவருக்குச் சோறு போடுவதற்காகக் கிழக்கே கப்பலேறியவன் இவன்.

கப்பல் சேரவில்லை. காற்று மோசமாகி மணிபல்லவத் தீவில் நங்கூரம் போட்டார்கள். ஆபுத்திரன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்து இரவோடு பாய் விரித்துப் போய்விட்டார்கள். ஆளில்லாத தீவு. கையில் உலகத்துக்கே சோறு போடக்கூடிய பாத்திரம். தன் வயிற்றை மட்டும் நிரப்ப அதை வைத்துக்கொள்ள அவனுக்கு விருப்பமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளியே தோன்று, அருள் உள்ளவர் வந்தால் அவர் கையில் சேர் என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் விட்டான். உண்ணாமல் கிடந்து உயிர் விட்டான். அப்புறம் பிறந்தது சாவக நாட்டில், அந்த நாட்டின் அரசனாக.

சின்னம்மா ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். “கப்பக்காரன் எண்ணிப் பாக்க மாட்டானா?” என்றார். அந்தக் கோபம் உண்மையானது. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் இறக்கி வைக்கப்பட்டவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். கூட வந்த சொந்தக்காரர் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாராம். 1942ல் ஜப்பானியர் பிடித்து சயாம் ரயில் பாதைக்கும் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடித்தார்கள். கணக்கில்லாத தோட்டத்துத் தமிழர்கள் அந்தக் கட்டைகளுக்குப் பக்கத்திலேயே கிடந்து போனார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று நாவலே எழுதியிருக்கிறார். சின்னத் தாத்தா பிழைத்துத் திரும்பி வந்தார், அதே தோட்டத்துக்கு.

இப்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. மணிமேகலையில் பாதை என்பது போவதில் இல்லை. கணிகை குலத்தில் பிறந்தவள், பாட்டி சித்திராபதி அவளை மேடையேற்றியே தீருவது என்று நிற்கிறாள். அவள் வழியும் பிறக்கும் முன்பே போடப்பட்ட நிரைதான். தீவுக்குப் போனதுகூடத் தானாக இல்லை, தூங்கும்போது தெய்வம் தூக்கிச் சென்றது. தன் கையில் பாத்திரம் வந்த பிறகு அவள் செய்த முதல் காரியம் புகாருக்கே திரும்பியது. தன்னைப் பழித்த அதே தெருக்கள். ஆதிரையிடம் முதல் பிச்சை வாங்கி, யானைத்தீ என்னும் பசிநோயால் துடித்த காயசண்டிகைக்கு ஊட்டினாள். சிறைக்குள் போய்ச் சோறு போட்டாள். அப்புறம் அரசனிடம் கேட்டு அந்தச் சிறையையே அறச்சாலை ஆக்கினாள். ‘உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே’ என்ற வரி 11ஆம் காதையில் வருகிறது. நோன்பு ஏற்பது 30ஆம் காதையில், கடைசியில். நடுவில் இருப்பதெல்லாம் ஊருக்குள் நடந்த நடை. துறவுக்கு முந்தைய இந்த நடையைச் சாத்தனார் காப்பியமாக எழுதினார். வேறெந்தப் பௌத்தக் கதையிலும் துறவுக்கு முந்தைய காலத்துக்கு இத்தனை மரியாதையை நான் பார்த்ததில்லை.

சின்னம்மாவின் அம்மா வைத்திருந்த பெரிய பானையை என் பேச்சில் கட்டாயம் சொல்லப்போகிறேன்.

திங்கள், பீடோங், இரவு

பகலில் டவுனில் கொஞ்சம் சாமான் வாங்கினேன், அதில் எழுத ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ‘ஜகாட்’ பார்த்தோம். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த மலேசியத் தமிழ்ப் படம். 2015ல் திரையரங்குக்கு வந்தது, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்துக்கான விருது வாங்கியது. தோட்டங்கள் உடைந்து மக்கள் வெளியே தள்ளப்பட்ட தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் இருக்கும் ஒரு சித்தப்பா, போதையிலிருந்து மீளப் பார்க்கும் இன்னொரு சித்தப்பா. பையனுக்குக் கற்பனை நிறைய. பள்ளிக்கூடத்துக்கு அது வேண்டியதில்லை.

தம்பி படம் முழுக்கப் பேசவில்லை. முடிந்த பிறகு தன்னோடு படித்த பையன்களைப் பற்றிச் சொன்னான். யார் எங்கே, யார் உள்ளே, யார் இல்லை என்று.

கிம் கி-டுக்கின் படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கொரியப் படத்தில் ஏரி நடுவே மிதக்கும் மடம். அறைக்குள் சுவரே இல்லை, கதவு மட்டும் நிற்கிறது. ஆனாலும் எல்லாரும் கதவைத் திறந்துதான் போவார்கள். இளந்துறவி ஆசையில் முதன்முதலாகக் கதவைச் சுற்றிக்கொண்டு போவான். மீனிலும் தவளையிலும் பாம்பிலும் கல்லைக் கட்டிய சின்னப் பையன் முதுகில் குரு கல்லைக் கட்டுகிறார். அவன் கொலை செய்து திரும்பி வரும்போதும் குரு இருக்கிறார், சூத்திரத்தைத் தரையில் செதுக்கச் சொல்கிறார். தப்பிப் போனவன் திரும்பி வந்து உட்கார ஒரு மடம் காத்திருக்கிறது. மிகப் பெரிய படம்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அப்போய்க்குத் திரும்பி வர என்ன இருக்கிறது? தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது. கஞ்சி காய்ச்சிய ஆறு வீடுகளும் ஆறு தாமான்களுக்குப் பிரிந்துவிட்டன. வழி தவறுவது எல்லாப் பிள்ளைக்கும் நடக்கும். திரும்பி வர இடமும் பெரியவர் ஒருவரும் இருப்பதுதான் வித்தியாசம். தோட்டம் துண்டானபோது நம் பிள்ளைகள் இழந்தது வேலையை மட்டும் இல்லை.

சங்கத்தை, அதாவது துறவிகளின் கூட்டத்தை, பௌத்தத்தின் மூன்று சரணங்களில் ஒன்றாக ஏன் வைத்தார்கள் என்பது இந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சில் பட்டது. தனியாக நடக்கிற பாதை என்று ஹெஸ்ஸே எழுதியது அவருடைய காலத்துக்கும் இடத்துக்கும் சரியாக இருக்கலாம். பீடோங்குக்கு அது போதாது.

செவ்வாய், கிளம்பும் முன்

பேச்சுக்கு வைத்திருந்த குறிப்புகளை மாற்றிவிட்டேன். ஹெஸ்ஸேக்கு ஒரு பத்தி போதும், அவருடைய படகோட்டி வாசுதேவனுக்காக. வாழ்நாள் முழுக்க ஒரே ஆற்றில் மற்றவர்களை அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தவன் அவன். நாவலில் எனக்குச் சித்தார்த்தனைவிட அவனைப் பிடிக்கும். பேச்சின் நடுவில் ஆபுத்திரன் வருவான், அவனுக்குப் பக்கத்தில் தொண்டர் படை, பானை, ‘ஜகாட்’. இந்த ஊர்ப் பக்கத்து எழுத்தாளர் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலையும் சேர்க்கிறேன். தோட்டத்து மனிதர்களை இரக்கத்துக்குரியவர்களாக மட்டும் பார்க்காத நாவல் அது.

மருமகள் மணிமேகலையைத் தன்னிடமே விட்டுப்போகச் சொன்னாள். உரையோடு கூடிய பதிப்பு, கொடுத்துவிட்டேன். முதலிலிருந்து படிக்க வேண்டாம், 11ஆம் காதையில் தொடங்கி 19 வரை போ என்றேன். அதில் பாத்திரம், ஆபுத்திரன், ஆதிரை, சிறைக்கோட்டம் எல்லாம் வந்துவிடும். ஆதிரையின் கணவன் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கி, அவர்களுடைய தலைவனிடம் வினையைப் பற்றி வாதாடும் இடம் 16ஆம் காதையில் இருக்கிறது, அது அவளுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்லும் 27ஐ இப்போதைக்கு விட்டுவிடலாம். 30க்கு வந்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். புத்தகுப்தர் கல்வெட்டின் வரிகளை அவள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை அவள் கேட்ட கேள்வியிலிருந்து மறுபடி தொடங்குவோம்.